ஜப்பானில் குடிபுகுந்த அமெரிக்கர்

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடித்தனம் நடத்துகின்ற நம்மிற் பலருக்கு ஒரு நாள் நினைவை விட்டு அகலாதிருக்கும். புதிய ஊரில் ரயிலை விட்டு இறங்கிய நாளைக்கூட நாம் மறந்திருப்போம். அண்டை வீட்டார் முதன்முதலாக நம்மிடம் ஓர் உதவி கேட்ட நாளை மறந்திருக்க மாட்டோம். "இரண்டு நாள் வெளியூர் போகிறோம்; வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கட்டும்" என்று அவர்கள் தங்கள் மொழியிற் சொல்ல, அதை அரைகுறையாகப் புரிந்துகொண்டு நாம் சாவியைக் கைநீட்டி வாங்கினோமே, அன்றுதான் அந்தத் தெருவில் நமக்கும் ஓர் இடம் உண்டென்ற உணர்வு பிறந்தது. அதற்கு முன்பும் நமக்கு உபசாரம் கிடைத்திருக்கலாம். ஆனால் உபசாரம் வேறு, உறவு வேறு.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் பழமொழி. நான்காம் நாள் விருந்தாளி ஊருக்குத் திரும்ப வேண்டும்; இல்லையேல் அவ்வீட்டாருள் ஒருவராகி, கிணற்றில் தண்ணீர் இறைக்கவேனும் முன்வர வேண்டும். முப்பது ஆண்டுகள் ஒரே ஊரில் வாழ்ந்த பின்னும் ஒருவர் விருந்தாளியாகவே இருக்க நேர்ந்தால் அவர் நிலை யாது? இக்கேள்விக்கு விடை தேடி இன்று நாம் ஜப்பான் நாட்டிற்குச் செல்வோம். அங்கே குடிபுகுந்த அமெரிக்கர்களின் வரலாறு இதைப்பற்றி நமக்குப் பல செய்திகளைச் சொல்லும்.

அமெரிக்கரைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிழைப்புத் தேடி வறிய நாட்டினின்றும் செல்வ நாட்டிற்குப் போகிறவர் தலைகுனிந்து நுழைகிறார். அவருக்கு ஏற்படும் இடையூறுகளுக்கு வறுமையே காரணம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அமெரிக்கரோ ஆசிரியராய், ஆலோசகராய், ஒரு காலத்தில் வெற்றி கொண்ட படையினராய்த் தலைநிமிர்ந்து நுழைந்தவர்கள். அவர்களுக்கும் ஜப்பானியச் சமூகத்தின் வாயிற்படி வரை வருவது எளிதாயிற்று. உள்ளே செல்வது அரிதாயிற்று. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வாழும் அயல்நாட்டவரின் தொகை முதன்முறையாக 30 இலட்சத்தைத் தாண்டியது. சீனர், வியட்நாமியர், கொரியர் ஆகியோரே அவருட் பெரும்பாலார். படையினரை நீக்கிப் பார்த்தால் அமெரிக்கர் சுமார் 60,000 பேர்தாம். தொகை சிறிது, ஆயினும் அவர்கள் அனுபவம் பெரிது.

ஜப்பான் அயலாருக்குத் தன் கதவை ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் அடைத்து வைத்திருந்தது. நாகசாகித் துறைமுகத்தில் டச்சுக்காரரும் சீனரும் மட்டும் கட்டுக்காவலுடன் வாணிகம் செய்யலாம். அக்காலத்தில், 1848-ஆம் ஆண்டில், ரானால்டு மக்டொனால்டு என்னும் இளைஞர் ஒருவர் ஒரு திமிங்கல வேட்டைக் கப்பலிலிருந்து சிறு படகொன்றில் இறங்கி, வடகோடித் தீவுகளில் ஒன்றான ரிஷிரியை நோக்கிச் சென்றார். இன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமாக விளங்கும் பகுதியிற் பிறந்தவர் அவர்; தந்தை ஸ்காட்லாந்துக்காரர், தாய் சினூக் என்னும் பழங்குடித் தலைவரின் மகள். கரை தட்டிய மாலுமிபோல் தோன்றவேண்டும் என்று தம் படகைத் தாமே கவிழ்த்துக்கொண்டார் என்பர். பிடிபட்டார், நாகசாகிக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். அங்கே ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் பதினால்வர் அவரிடம் ஆங்கிலம் கற்றனர். மறு ஆண்டே அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று வந்து அவரை மீட்டுச் சென்றது. அவரிடம் பயின்றவருள் ஒருவரான மொரியாமா, பின்னர் அமெரிக்கத் தளபதி பெர்ரி 1854-இல் ஜப்பானுடன் உடன்படிக்கை செய்துகொண்டபோது மொழிபெயர்ப்பாளராய் இருந்தார். நாட்டிற்கு அழையாது வந்த கைதி ஒருவர், போகும்போது ஆசிரியராகப் போனார். தம்மிடம் இருந்ததைக் கொடுத்தமையால் அவருக்கு அம்மதிப்புக் கிடைத்தது. ஆனால் அங்கே தங்கி வாழும் வாய்ப்பு மட்டும் கிடைக்கவில்லை.

கதவு திறந்தபின், 1868-ஆம் ஆண்டின் மெய்ஜி ஆட்சி மாற்றத்தைத் தொடர்ந்து, ஜப்பானிய அரசாங்கம் தானே அயல்நாட்டு அறிஞரைச் சம்பளம் கொடுத்து வரவழைத்தது. 1876-இல் வில்லியம் கிளார்க் வந்து சப்போரோவில் வேளாண்மைக் கல்லூரியை நிறுவ உதவினார். 1877-இல் விலங்கியல் அறிஞர் எட்வர்டு மோர்ஸ் வந்தார். ரயிலிற் செல்லும்போது ஓமோரி என்னுமிடத்தில் கிளிஞ்சல் மேடு ஒன்றைக் கண்டு, அதனை அகழ்ந்து, ஜப்பானின் தொல்பொருள் ஆராய்ச்சிக்கு வித்திட்டார். 1878-இல் தத்துவம் கற்பிக்க வந்த எர்னஸ்ட் பெனலோசா ஜப்பானியச் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் உள்ளத்தைப் பறிகொடுத்தார். மேல்நாட்டு மோகத்தில் ஜப்பானியரே தம் பழஞ்செல்வங்களைப் புறக்கணித்த காலத்தில், அவற்றைக் காக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். 1908-இல் இலண்டனில் இறந்த அவருடைய சாம்பல் பின்னர்ப் பிவா ஏரிக் கரையிலுள்ள மீதேராப் பௌத்த ஆலயத்தைச் சார்ந்த இடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

இவர்களுக்கு ஜப்பான் செய்த உபசாரத்திற்குக் குறைவில்லை. நல்ல சம்பளம், வீடு, மரியாதை யாவும் இருந்தன. ஆயினும் அவர்கள் ஒப்பந்தக்காரர்கள். காலம் முடிந்ததும் நன்றி கூறி வழியனுப்பிவிட்டு, அவ்விடத்தில் தான் பயிற்றுவித்த ஜப்பானியரை அமர்த்திக்கொள்வதே அரசாங்கத்தின் நோக்கம். அதிற் குற்றமொன்றுமில்லை. விருந்தாளிக்கும் விருந்தளிப்போருக்கும் அந்த உறவின் எல்லை தெரிந்தே இருந்தது.

எல்லையைக் கடந்தவர் எப்படிக் கடந்தார்? லாப்காடியோ ஹெர்ன் என்பவரின் வாழ்க்கையை நோக்குவோம். அயர்லாந்துத் தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் 1850-இல் பிறந்தவர் அவர். பிறப்பால் அமெரிக்கர் அல்லர். எனினும் 19 வயதில் அமெரிக்கா சென்று, சின்சினாட்டியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் பத்திரிகை எழுத்தாளராய் வளர்ந்து, அங்கிருந்தே 1890-இல் ஜப்பான் வந்தார். மட்சுயே என்னும் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியரானார். கொய்சுமி செட்சு என்னும் பெண்மணியை மணந்தார். அக்காலச் சட்டப்படி அயல்நாட்டவரை முறைப்படி மணக்கும் ஜப்பானியப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். மனைவியும் மக்களும் தம் நாட்டிலேயே உரிமையோடு வாழவேண்டும் என்று கருதிய ஹெர்ன், 1896-இல் தாமே ஜப்பானியக் குடிமகனானார். மனைவியின் குடும்பப் பதிவேட்டில் கொய்சுமி யாகுமோ என்ற பெயருடன் இடம்பெற்றார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு புது மொழியே பிறந்தது. ஹெர்ன் ஜப்பானிய மொழியை முறையாகக் கற்றவரல்லர். வேற்றுமை உருபுகளும் வினை விகுதிகளும் உதிர்ந்துபோன ஒரு வகை மழலை மொழியில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டனர். அந்த மொழியில்தான் செட்சு அம்மையார் பழைய பேய்க்கதைகளைச் சொல்லுவார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டா, உன் சொல்லாற் சொல் என்று ஹெர்ன் வற்புறுத்துவாராம். அவ்வாறு கேட்டவற்றை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். 1904-இல் அவர் மறைந்த ஆண்டில் வெளிவந்த "குவாய்டான்" இன்றும் படிக்கப்படுகிறது. ஜப்பானியர் தம் பாட்டிமார் சொன்ன கதைகளை அந்நூலின் மொழிபெயர்ப்பிலே படிக்கின்றனர். இலக்கணம் தெரியாத ஒருவர் இல்லத்தினுள் இடம் பெற்றார். இலக்கணத்தைக் கரைத்துக் குடித்த பலர் வாயிலில் நின்றனர்.

அடுத்து, கான்சாஸ் மாநிலத்தவரான வில்லியம் மெரெல் வோரிஸ் 1905-இல் 24 வயதினராய் ஓமி ஹாசிமான் என்னும் சிறு வணிக நகருக்கு ஆங்கில ஆசிரியராய் வந்தார். பள்ளி நேரம் போக மாணவர்க்கு விவிலியம் கற்பித்தார். அதற்கு எதிர்ப்பு எழுந்தது. 1907-இல் வேலை போயிற்று. விருந்தாளியாயின் அடுத்த கப்பலில் ஏறியிருப்பார். வோரிஸ் ஊரை விட்டுப் போகவில்லை. தமக்குத் தெரிந்த கட்டடக் கலையைத் தொழிலாகக் கொண்டார். நிஷினோமியாவிலுள்ள குவான்செய் ககுயின் கல்லூரி வளாகம் முதலாகப் பள்ளிகள், மாதா கோயில்கள், கடைகள், வீடுகள் எனப் பலவற்றை அவருடைய அலுவலகம் அமைத்தது. ஒரு நோவுத் தைலத்தை இறக்குமதி செய்து விற்ற வாணிக வருவாயையும் ஊருக்கான மருத்துவமனை, பள்ளி முதலியவற்றிற்குச் செலவிட்டார். 1919-இல் ஹிட்டோட்சுயனாகி மக்கிகோ என்னும் பிரபு குடும்பத்துப் பெண்மணியை மணந்தார்.

1941-ஆம் ஆண்டு வந்தது. இரு நாடுகளுக்குமிடையே போர் மேகம் சூழ்ந்தது. அமெரிக்கர் பலரும் தாயகம் திரும்பிக்கொண்டிருந்த அவ்வாண்டின் தொடக்கத்தில் வோரிஸ் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். மனைவியின் குடும்பப் பெயரை ஏற்றுத் தம் பெயரை மெரெரு என்று எழுதினார். அதற்கு அவர் தெரிந்தெடுத்த மூன்று சித்திர எழுத்துகளின் பொருள் அமெரிக்கா, வருதல், தங்குதல் என்பனவாம். அமெரிக்காவிலிருந்து வந்து தங்கிவிட்டவர் என்று தம் கதையையே பெயராக்கிக் கொண்டார். போர்க்காலத்தை மலைநகரான கருயிசாவாவிற் கழித்தார். 1958-இல் ஓமி ஹாசிமான் நகரம் தன் முதல் கௌரவக் குடிமகனாக அவரை ஏற்றது. 1964-இல் அவ்வூரிலேயே காலமானார். அண்மையிலுள்ள டொயோசாட்டோவில் 1937-இல் அவர் கட்டிய தொடக்கப் பள்ளியை 2002-இல் இடிக்க முற்பட்டபோது, ஊர் மக்கள் குறுக்கே நின்று தடுத்தனர். கட்டடம் இன்றும் நிற்கிறது.

பெண்டிரையும் மறத்தலாகாது. பிலடெல்பியாவைச் சேர்ந்த அன்னா ஹார்ட்ஷார்ன் அம்மையார், தம் தோழியான சுதா உமேகோ 1900-இல் தொடங்கிய பெண்கள் பள்ளியில் 1902 முதல் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1923-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் டோக்கியோ நகரம் எரிந்தபோது அப்பள்ளியும் அழிந்தது. அம்மையார் அமெரிக்கா சென்றார். ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். திரட்டிய பெருந்தொகையுடன் ஜப்பானுக்கே மீண்டு வந்தார். அப்பொருளால் எழுந்த புதிய வளாகத்தின் தலைமைக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தாயகம் சென்றவர் அங்கேயே தங்கியிருக்கலாம். எவரும் குறை கூறியிருக்க மாட்டார். இடிந்த வீட்டிற்குத் திரும்பி வருபவரே அவ்வீட்டுக்காரர்.

போருக்குப் பின் 1945 முதல் 1952 வரை அமெரிக்கப் படை ஜப்பானை ஆண்டது. டோக்கியோவின் யோயோகிப் பகுதியில் எண்ணூறுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அமெரிக்கக் குடியிருப்பொன்று வேலிக்குள் எழுந்தது. புல்வெளி, பள்ளி, கடை, மாதா கோயில் யாவும் அமெரிக்காவினின்றும் பெயர்த்து வைத்தனபோல் இருந்தன. அங்கே வாழ்ந்தோர் ஜப்பானில் இருந்தனர். ஆயின் ஜப்பானில் வாழவில்லை. 1964-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவிற்காக அந்நிலம் ஜப்பானுக்குத் திரும்பியது. படைத்தளங்களோ இன்றும் உள்ளன. அவற்றின் பரப்பிற் பெரும்பகுதி ஒகினாவா தீவில் இருப்பதால் அத்தீவு மக்களுக்கு அது தீராக் குறையாகவே இருந்து வருகிறது. விருந்தாளியாய் வந்தவர் வாயிலில் நிற்கிறார் என்றோம். ஆள வந்தவரோ வேலிக்கு உள்ளே நிற்கிறார். இருவருக்கும் அண்டை வீடு எட்டாதது.

அந்த ஆட்சியாளருள்ளும் ஒருவர் வேறுபட்டிருந்தார். பேயாட்டே சிரோட்டா வியன்னாவிற் பிறந்தவர். இசைப் பேராசிரியரான தந்தையுடன் குழந்தைப் பருவத்திலேயே டோக்கியோ வந்து, அத்தெருப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். பின்னர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 1946-இல் ஜப்பானின் புதிய அரசியலமைப்பை வரைந்த குழுவில் 22 வயதினரான அவரும் இருந்தார். திருமணம் இருபாலாரின் விருப்பத்தையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும், கணவனும் மனைவியும் சம உரிமை உடையவர் என்று கூறும் 24-ஆம் பிரிவு அவர் வரைவிலிருந்து பிறந்தது. ஜப்பானிய இல்லங்களின் அடுக்களை வரை சென்று பழகியவர் ஆதலால், அங்கே பெண்களுக்கு எது இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி, இக்கால வாழ்க்கைக்கு வருவோம். 1987-இல் ஜப்பானிய அரசாங்கம் தொடங்கிய ஜெட் திட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் அயல்நாட்டு இளைஞர் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்கின்றனர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் அமெரிக்கர். சென்று இறங்கியவருக்கு வீடு பிடிப்பதே முதற் சோதனை. முன்பணம் கேட்பார்கள், பல இடங்களில், திருப்பித் தராத நன்றிப் பணம் என்று மேலும் ஒரு தொகை கேட்பார்கள், அதற்கும் மேல் ஜாமீன் நிற்க ஒருவரைக் கேட்பதும் உண்டு. அயல்நாட்டவருக்கு வீடு கொடுப்பதில்லை என்று பணிவோடு தலை வணங்கிச் சொல்லிவிடும் வீட்டுக்காரரும் உண்டு. வேற்றூரில் வீடு தேடி அலைந்த நமக்கு இது புதுக்கதையன்று.

வீடு கிடைத்தபின் நல்ல வழக்கமொன்று உண்டு. எதிரே மூன்று வீடுகள், இரு பக்கத்திலும் இரு வீடுகள் என்பது ஜப்பானியர் வகுத்த அக்கம்பக்கத்தின் இலக்கணம். குடிவந்தவர் கைத்துண்டோ சோப்போ போன்ற ஒரு சிறு பொருளை ஏந்தி அவ்வீடுகளுக்குச் சென்று தலை வணங்க வேண்டும். பிறகு குப்பைக்குரிய விதிகளைக் கற்க வேண்டும். எரிவது எந்நாள், எரியாதது எந்நாள், புட்டி எந்நாள், பழந்தாள் எந்நாள் என்று அட்டவணை இருக்கும். தவறான நாளில் வைத்த மூட்டை ஒரு சீட்டு ஒட்டப்பட்டு அங்கேயே கிடக்கும். தெரு முழுவதும் அதைப் பார்க்கும். பிறகு சுற்றறிக்கைப் பலகை வரும். பேட்டைச் சங்கத்தின் அறிவிப்புகளைச் செருகிய ஓர் அட்டை அது. படித்துக் கையெழுத்தோ முத்திரையோ இட்டு அடுத்த வீட்டிற்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கால்வாய் சுத்தம் செய்யும் நாள், தீத்தடுப்புப் பயிற்சி, திருவிழாச் சந்தா, யார் வீட்டில் துக்கம் என்பனவெல்லாம் அதில் இருக்கும்.

அயல்நாட்டவர் வீட்டைத் தாண்டி அப்பலகையை அடுத்த வீட்டிற்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. அதைத் தீய எண்ணத்தால் செய்வதில்லை. பாவம், அவருக்கு எழுத்துத் தெரியாது, தொந்தரவு கொடுப்பானேன் என்ற இரக்கத்தாற் செய்கிறார்கள். அந்த இரக்கமே ஒரு சுவர். புகழ்ச்சி மற்றொரு சுவர். காலை வணக்கம் ஒன்றைச் சொன்னவுடன், "ஆகா, எவ்வளவு அழகாக ஜப்பானிய மொழி பேசுகிறீர்கள்!" என்பார்கள். முதலாண்டில் அது தேன். இருபதாம் ஆண்டிலும் அதே புகழ்ச்சியைக் கேட்பவர், தாம் இன்றுதான் இறங்கியவராகக் கருதப்படுகிறோமோ என்று நினைப்பார். புகழ்ச்சி நின்றுவிட்டு, வேகமாகப் பேசத் தொடங்குவார்களாயின், அன்று மொழி வந்துவிட்டது என்று பொருள்.

சுவர் சில சமயம் வெளிப்படையாகவே எழுந்ததுண்டு. வட ஜப்பானில் ஓட்டாரு துறைமுகத்தில், அயல்நாட்டு மாலுமிகள் சிலரின் நடத்தையைக் காரணம் காட்டி, ஒரு குளியல் விடுதி ஜப்பானியர் அல்லாதார் எவரையும் விட மறுத்தது. குடும்பத்தோடு சென்று திருப்பியனுப்பப்பட்ட அமெரிக்கர் ஒருவர் 2000-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று மீண்டும் சென்றார், அப்போதும் மறுத்தனர். வழக்குத் தொடுத்தார். 2002-இல் சப்போரோ நீதிமன்றம் இதனை இன வேற்றுமை என்று கண்டித்து, வழக்காடிய மூவருக்கும் தலைக்குப் பத்து இலட்சம் யென் நஷ்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. நகராட்சியின் மேலும் பொறுப்புண்டு என்ற அவர் வாதம் மட்டும் ஏற்கப்படவில்லை.

பதிவேட்டிலும் ஒரு குறை நெடுநாள் இருந்தது. ஒரு வீட்டில் வசிப்போரைக் குறிக்கும் பதிவேட்டில் அயல்நாட்டவர் பெயர் இடம்பெறாது. ஜப்பானிய மனைவி, குழந்தைகள் பெயர் இருக்கும். அவ்வீட்டிலேயே உண்டு உறங்கி வரி செலுத்தும் கணவர் பெயர் இராது. 2003-ஆம் ஆண்டில் யோகோஹாமா நகரின் ஒரு வட்டாரம், தன் ஆற்றுக்கு வழிதவறி வந்து மக்களின் செல்லப் பிராணியான கடல்நாய் ஒன்றுக்கு வேடிக்கையாக வசிப்போர் சான்றிதழ் வழங்கிற்று. அயல்நாட்டவர் சிலர் கடல்நாய் வேடம் பூண்டு ஊர்வலம் சென்றனர்; எங்களுக்கும் ஒன்று தாருங்கள் என்று கேட்டனர். சிரிப்புக்கு இடமான நிகழ்ச்சி. ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதன்று. 2012-ஆம் ஆண்டு ஜூலையில் சட்டம் மாறியது. அயல்நாட்டவர் பெயரும் அப்பதிவேட்டில் ஏறியது. எனினும் கொசெக்கி என்னும் குடும்பப் பதிவேடு இன்றும் ஜப்பானியக் குடிமக்களுக்கே உரியது.

நீதிமன்றமோ சட்டமோ செய்யாததை ஒரு மற்போர்க் களம் செய்தது. ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜெஸ்ஸி குஹவுலுவா 1964-இல் 19 வயதில் சுமோ பயில வந்தார். மொழி தெரியாது; குளிர் பழக்கமில்லை; கால்களை அகல விரித்து அமரும் பயிற்சியில் கண்ணீர் விட்டார். டக்கமியாமா என்ற பெயருடன் 1972-இல் முதற் பிரிவில் வாகை சூடினார். அயல்நாட்டிற் பிறந்தவருள் அவரே முதல்வர். 1976-இல் சுமோ சங்கம், மல்லர்க்கு ஆசானாக அமர ஜப்பானியக் குடியுரிமை வேண்டும் என்று விதித்தது. அவர் வாதாடவில்லை, 1980-இல் குடியுரிமை பெற்றார், 1986-இல் தம் பெயரில் பயிற்சிக் கூடம் அமைத்தார். அக்கூடத்திற் பயின்ற ஹவாய் இளைஞர் அக்கெபோனோ 1993-இல் யோகோசுனா என்னும் மிக உயர்ந்த நிலையை எய்தினார். அயல்நாட்டிற் பிறந்தவர் எவரும் அதற்குமுன் அந்நிலையை எய்தியதில்லை.

2011-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று பூகம்பமும் ஆழிப் பேரலையும் வடகிழக்குக் கரையைத் தாக்கின. பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். புக்குஷிமா அணு உலைகளின் விபத்தும் சேர்ந்துகொண்டது. அயல்நாட்டவர் பலர் விமான நிலையங்களில் திரண்டனர். குழந்தை குட்டிகளோடு இருப்போர் அஞ்சியதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் தெரு அதைக் கவனித்தது. போனவர் யார், இருந்தவர் யார் என்பதை மறக்கவில்லை.

அப்போது நியூயார்க்கில் 88 வயது அறிஞர் ஒருவர் தம் கடைசி வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தார். அவர் பெயர் டொனால்டு கீன். போர்க்காலத்தில் கடற்படையிற் சேர்ந்து, மாண்ட ஜப்பானிய வீரரின் நாட்குறிப்புகளைப் படிக்கும் பணி செய்தவர். பகைவரின் உள்ளத்தை அவர் எழுத்திலேயே கண்டவர். பின்னர் வாழ்நாள் முழுவதையும் ஜப்பானிய இலக்கியத்திற்கு அளித்தவர். பேரிடர்ச் செய்தி கேட்டதும், இனி ஜப்பானிலேயே வாழ்ந்து மறைவேன் என்று அறிவித்தார். 2012 மார்ச்சில் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. 2019-இல் 96 வயதில் டோக்கியோவிற் காலமானார். பிறர் போகும் வேளையில் ஒரு கிழவர் வந்தார். அவர் எழுதிய நூல்கள் அனைத்தையும்விட அந்த வருகையே அவரைச் சாதாரண ஜப்பானியரின் உள்ளத்தில் அமர்த்தியது.

வேலிக்குள் இருந்த படையினரும் அன்று வெளியே வந்தனர். செண்டாய் விமான நிலையத்தின் சேற்றை அள்ளினர். ஜெட் திட்டத்தில் வந்திருந்த அமெரிக்க ஆசிரியர் இருவர், கரையோர ஊர்களில், பேரலைக்குப் பலியாயினர். அவருள் ஓர் இளம் ஆசிரியை, பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றோர் வந்து அழைத்துச் செல்லும்வரை உடனிருந்துவிட்டுப் புறப்பட்டவர். அவருடைய பெற்றோர் மகளின் நினைவாக அவ்வட்டாரப் பள்ளிகளுக்குப் புத்தகங்களும் அலமாரிகளும் வழங்கினர். அலமாரிகளைச் செய்தவர் அவ்வூர்த் தச்சர். அதே பேரலையிற் குழந்தைகளைப் பறிகொடுத்தவர். அக்குழந்தைகள் அவ்வாசிரியையிடம் பயின்றவர்கள். அத்தச்சருக்கும் அப்பெற்றோருக்கும் பொதுமொழி இல்லை. ஆயினும் அவர்களை எவர் அயலார் என்பார்?

அன்பர்களே, இவ்வரலாறுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது நமக்கு ஒன்று விளங்குகிறது. ஹெர்ன் குடும்பப் பொறுப்பை ஏற்றார். வோரிஸ் வேலை போன ஊரிலேயே நின்றார். ஹார்ட்ஷார்ன் அம்மையார் இடிந்த பள்ளிக்குத் திரும்பினார். கீன் ஊர் துயரில் ஆழ்ந்தபோது வந்து சேர்ந்தார். சுமையில் ஒரு முனையைத் தாங்கியவரே வீட்டாராயினர். ஆனால் சுமையைத் தாங்க முன்வருவோருக்குத் தோள் கொடுக்க இடம் விடவேண்டிய கடமை வீட்டாருக்கும் உண்டு. சுற்றறிக்கைப் பலகையை அவர் வீட்டைத் தாண்டிக் கொடுத்துவிட்டு, அவர் ஊரோடு ஒட்டவில்லை என்று குறை கூறுதல் நியாயமாகாது.

வேற்றூரில் வாழும் நமக்கு முதற்பாதி பொருந்தும். நம் சங்கங்களிலும் பொங்கல் விழாக்களிலும் நாம் கூடுவது நன்று. கூடவே, நாம் வாழும் தெருவின் குடிதண்ணீருக்கும் கழிவுநீருக்கும் நடக்கும் கூட்டத்திலும் நம் நாற்காலி ஒன்று இருக்க வேண்டும். இரண்டாம் பாதியோ நாம் விட்டு வந்த ஊர்களுக்குப் பொருந்தும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தோர் இன்று தமிழ்நாட்டின் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைத்து, நம் பழைய தெருக்களில் வாடகைக்கு வீடு தேடுகின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நம் உறவினர் அவர்களைப்பற்றி என்ன சொல்லுகிறார்கள் என்று நாம் கவனித்துக் கேட்போம். வேற்றூரில் நம் கையில் ஒருவர் சாவியைக் கொடுத்த நாள் நமக்கு நினைவிருக்கிறது. அந்த நாளை அங்குள்ளோருக்கு எடுத்துச் சொல்ல நம்மைவிடத் தகுதியுடையோர் வேறு எவர்?